தாய்மாமன் முகம் சிவந்த நாள்

பிறருக்குக் கற்பித்த பாடம் தன்மேல் பாயாது என்று நம்புவது ஆசிரியத் தொழிலுக்கே உரிய நோய். எனக்கு அது முற்றியிருந்தது. கல்லூரியில் இருபது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். அதிலும், ஒளி பட்டால் சேர்மங்கள் எவ்வாறு மாறும் என்பதே என் சிறப்புப் பாடம். (சிரிக்க அவசரப்பட வேண்டாம், இன்னும் இருக்கிறது.)

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு வைகாசி. சுருளிப்பட்டியில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். சீர் கொண்டுபோக வேண்டிய தாய்மாமன் நான். மூன்று நாட்களுக்கு முன் பிடித்த சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். பழனிசெட்டிபட்டி மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போது, கேட்காத ஆலோசனை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

“சார், இதச் சாப்பிடுற வரைக்கும் வெயில்ல அலையாதீக. தோலு வெந்துபோகும்.”

“மாத்திரை போறது வயித்துக்குள்ள. அங்கன ஏதுய்யா வெயில்?” என்று கேட்டேன்.

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். வாதத்தில் வென்ற களிப்புடன் வெளியே வந்தேன். வயிற்றில் இறங்கிய மருந்து இரத்தத்தில் ஏறித் தோலுக்கும் வரும் என்பதும், அங்கே வெயிலை வாங்கித் தோலையே சுடும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. வகுப்பறைக்கு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைக்கு உடன் வந்திருந்த என் மனைவி வடிவு அந்த எச்சரிக்கையை மறக்கவில்லை. சீர் புறப்படும் வேளையில் குடையும் கையுமாக வந்தாள்.

“ஏங்க, கடைக்காரர் சொன்னாகல்ல? நான் இதப் பிடிச்சுக்கிட்டே பின்னால வாரேன்.”

“தாய்மாமன் குடைக்குள்ள ஒளிஞ்சு வந்தான்னு ஊரு சிரிக்கவா?”

எங்கள் பக்கத்தில் சீர் என்பது நடந்து வரவேண்டிய ஒன்று. கோயில் வாசலில் தொடங்கி, மேளம் முன்னே செல்ல, பட்டுப்புடவைத் தட்டை இரு கைகளிலும் ஏந்தித் தாய்மாமன் வெறுங்காலுடன் பெண் வீடுவரை நடப்பான். வேனில் கொண்டுவந்து இறக்கினால் அது சீரல்ல, சரக்கு. தூரம் என்னவோ ஐந்து நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு தெருமுக்கிலும் நின்று வாசிக்காவிட்டால் மேளக்காரர்களுக்குக் கை நமநமக்கும். உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன், நடந்தேன், மறுபடியும் நின்றேன். வடிவு பின்னாலிருந்து இரண்டு முறை குடையை நீட்டினாள். இரண்டு முறையும் நான் முன்னே தாவினேன். (ஊரார் அதை ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு விசிலடித்தார்கள்.)

மாலையில் நிச்சயதார்த்த மண்டபத்துக்குப் போனபோது என் முகம் பழுத்த தக்காளியாக வீங்கியிருந்தது. இமைகள் பாதி மூடிக்கிடந்தன. புறங்காலில் வேட்டி உரசினால் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. ஆகவே கால்களை அகட்டி, ஆடியாடி நடந்தேன். போதாக்குறைக்கு, வாயில் இருமல் மருந்தின் வாடை.

என்னைக் கைகொடுத்து அழைக்க எழுந்த மாப்பிள்ளையின் தகப்பனார் அப்படியே நின்றுவிட்டார். தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் சம்பந்தம் வைப்பதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார். தட்டு மாற்ற இன்னும் கால்மணி நேரமே இருந்தது.

“மாமங்காரருக்கு இன்னைக்குச் சந்தோசம் கூடிப்போச்சு போல,” என்றார். குரலில் சிரிப்பில்லை. “தட்டு மாத்துறத அப்புறம் பாப்போம்.”

தங்கை என்னிடம் ஓடிவந்தாள். “அண்ணே, எப்பண்ணே பழகுன? அதுவும் இன்னைக்கா? எம் மக வாழ்க்கைண்ணே!”

மணையில் உட்கார்ந்திருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வீங்கிய உதட்டில் சொல் குழறியது.

வடிவு மாப்பிள்ளையின் தகப்பனார் முன்னால் வந்தாள்.

“அண்ணே, இவுக குடிக்கல. மாத்திரைய முழுங்கிட்டு வெயில்ல நின்னாக. சந்தேகமா இருந்தா, ஏன் இப்பிடி ஆச்சுன்னு இவுககிட்டயே கேளுங்க.”

அவர் கேட்டார். முதல் இரண்டு சொற்கள்தான் குழறின. புற ஊதாக் கதிரின் அலைநீளத்தில் தொடங்கி, எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவுவது, திரும்ப விழுவது, விழும்போது விடும் ஆற்றல் பக்கத்துத் திசுக்களைத் தாக்குவது என்று வரிசை பிறழாமல் சொன்னேன். தாம்பூலத் தட்டிலிருந்த எலுமிச்சையை எலக்ட்ரானாகப் பாவித்து உயர்த்தியும் காட்டினேன். நாதஸ்வரக்காரர் கொட்டாவி விட்டார். மாப்பிள்ளை மெல்ல எழுந்து வெளியே போனார்.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“போதும் சார். எந்தம்பியப் பாத்தவன் நான். குடிச்சவன் அழுவான், அடிப்பான், பாட்டுக்கூடப் பாடுவான். இப்பிடிப் பாடம் நடத்த மாட்டான். ஏலே, தட்ட எடுங்கடா!”

தட்டு மாறியது. பத்து நாட்கள் என் தோல் உரிந்தது. அந்தச் சம்பந்தி வீட்டில் இன்றும் இளவட்டம் எவனாவது தள்ளாடி வந்தால், “எங்க, மாமா மாதிரி பாடம் நடத்திக் காட்டு” என்று வாசலிலேயே நிறுத்துகிறார்கள். இதுவரை ஒருவனும் தேறியதில்லை.

இத்தனை ஆண்டுகளும் இந்தக் கதையைச் சொல்லிவந்தவள் வடிவு. பக்கத்தில் அமர்ந்து மறுப்புத் தெரிவிப்பது மட்டுமே என் வேலை. சென்ற மாசியில் அவள் காலமானாள். சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. போன வாரம், தங்கை மகளின் பிள்ளைகள் கேட்டதால் சொன்னேன். எலக்ட்ரானைச் சற்று விரிவாகவே விளக்கினேன். பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். முடித்ததும் சின்னவள் கேட்டாள்:

“தாத்தா, வடிவு அம்மாச்சி சொல்றப்ப சிரிப்பு வருமே?”

“ஆமா,” என்றேன். “அவ சொல்றப்ப எனக்கும் வரும்.”