சர்வதேசக் குளிர்கால பேஸ்பால் போட்டியின் ரசிகர்கள்

“சார், நான் ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்.”

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது என்பது, வேலையில் சேர்ந்த அன்றே எனக்குக் கிடைத்த உத்தரவு. கேட்டுவிட்டேன். அதுவும் யாரிடம்? மனித குலத்தின் விளையாட்டு வரலாற்றைக் கிரேக்கர்கள் போட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து பொறுக்கியெடுத்து, பெங்களூர் ஜீவனஹள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்த மகானிடம். சர்வதேசக் குளிர்கால பேஸ்பால் சங்கத்தின் நிரந்தரத் தலைவர், ஓய்வுபெற்ற சமஸ்தான அதிகாரி சீனிவாசராகவனிடம்.

தலைவர் மஃப்ளரைத் தளர்த்தினார். செயலாளர் ரெமிஜியஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஏம்மா யசோதா, நீ ஹிஸ்டரி பி.ஏ.தானே?” என்றார் தலைவர்.

“ஆமா சார்.”

“அலெக்சாண்டர் சண்டை போட்டதை உன் ப்ரொஃபசர் நேர்ல பார்த்தாரோ?”

“இல்ல சார்.”

“பார்க்காம பாடம் நடத்தினாரோல்லியோ? நீயும் பார்க்காம எழுது.”

எங்கள் வரிசை வீடுகளிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பைச் சங்கத்தின் பன்னிரண்டாண்டு வரலாறு எழுதுவதற்கென்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வரலாறு இதுதான்:

யுத்த காலத்தில் இங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படைக்காரர்கள் ஒரு மட்டையையும், இடது கைக்கு மட்டும் ஒரு உறையையும் விட்டுப் போனார்கள். உடனே சங்கம் பிறந்தது. அது நாற்பத்தேழு ஜனவரி. அப்போது பெங்களூரில் சிட்டி மகாராஜாவிடம் இருந்தது, கன்டோன்மென்ட் வெள்ளைக்காரனிடம் இருந்தது. சிட்டிப் பக்கத்து ஒக்கலிபுரத்துக்காரன் கன்டோன்மென்ட் பக்கத்து ஜீவனஹள்ளிக்கு வந்து ஆடினால் அது இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே நடக்கும் ஆட்டம். ஆகவே ‘சர்வதேசம்’. அதே வருஷம் சுதந்திரம் வந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே கொடி ஆகிவிட்டது. இதைச் சங்கம் ஒரு பின்னடைவாகவே கருதியது. ஆனாலும் தேசத்தைப் பெருந்தன்மையோடு மன்னித்து, பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டது.

‘குளிர்காலம்’ என்பது தலைவரின் ஸ்வெட்டர் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரும் காலம். மைதானம் முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை அடித்தால் போட்டி தொடங்கிவிட்டது என்று பொருள்.

நிகழ்ச்சி நிரல் எந்த வருஷமும் மாறியதில்லை. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, மாலை, மாலைக்குப் பதிலுரை, பதிலுரைக்கு நன்றியுரை, குரூப் போட்டோ, காப்பி. அதற்குள் சூரியன் இறங்கிவிடும். ‘போதிய வெளிச்சமின்மையால்’ ஆட்டம் ஒத்திவைக்கப்படும். வெற்றி பெற்ற அணி, காப்பிக்குப் பிறகு கூடும் கமிட்டியில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்படும். ஒரு வருஷம் சிட்டி, மறு வருஷம் கன்டோன்மென்ட். இதுவரை ஒரு தகராறு இல்லை, ஒரு காயம் இல்லை, ஒரு சொட்டு வியர்வை இல்லை.

“அப்போ பந்து?” என்று ஒரு நாள் ரெமிஜியஸைக் கேட்டேன்.

“லைசென்ஸுக்கு எழுதியிருக்குதும்மா. டில்லியில கிடக்குது. அன்னியச் செலாவணி ரொம்ப டைட்டு.”

“ரஸ்ஸல் மார்க்கெட்ல ரப்பர் பந்து கிடைக்குதே சார்?”

“இன்டர்நேஷனல் மேட்ச்சுக்கு லோக்கல் பந்தா? என்னா பேச்சு மேன் இது!” அவருக்கு ஆண், பெண், பாதிரியார் எல்லோருமே ‘மேன்’தான்.

ஆட்டம் பார்க்கக் கேட்ட அன்றைக்குப் பன்னிரண்டாவது போட்டியின் நிறைவு விழா. பகலில் ஒரு அரசாங்க அதிகாரி ஜீப்பில் வந்தார். பன்னிரண்டு வருஷம் விடாமல் போட்டி நடத்தியதால் மைதானத்தைத் தன் பெயருக்கே எழுதித் தர வேண்டும் என்று சங்கம் மனுப் போட்டிருந்தது. அதை விசாரிக்க வந்தவர். மனு விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கழுத்தில் மாலையை வாங்கிக்கொண்டே அவர் சங்க அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“ஏன் ஸ்வாமி, மைதானத்துல அந்தப் பக்கம் இத்தனை மனெ இருக்குதே? யாரு அவங்க?”

அந்தப் பக்கம் எங்கள் வரிசை. நாற்பது வீடு, பாதி தகரம், பாதி கீற்று.

“ரசிகர்கள்,” என்றார் தலைவர்.

“அடுப்பு எரியுதே?”

“சீக்கிரமே வந்து இடம் பிடிச்சுடறா. ஆர்வம் ஜாஸ்தி.”

“துணி காயுதே?”

“கொடிகள். வெளிநாட்டு அணிகளை வரவேற்க.”

“தொட்டில்கூடத் தொங்குதே ஸ்வாமி!”

“அடுத்த தலைமுறை ரசிகர்.”

அதிகாரி தலையாட்டினார். “மேட்ச் முடிஞ்சா போயிடுவாங்கதானே?”

“ஆட்டம் முடிஞ்சா ரசிகர்கள் வீட்டுக்குப் போறதுதானே உலக வழக்கம்? போகலேன்னா போலீஸ் கலைச்சு விடலாம்.”

சங்கத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. நாற்பது குடும்பங்களைக் காலி செய்ய மற்றவர்களுக்குக் கோர்ட்டு வேண்டும், அடியாள் வேண்டும், நெருப்புப் பெட்டியாவது வேண்டும். இவர்களுக்கு ஒரு காப்பி நேரம் போதுமாக இருந்தது.

அதிகாரி குரூப் போட்டோவுக்கு வெளியே போனார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“கடைசி வரி எழுதிக்கோ. ‘போட்டி இனிதே நிறைவுற்றது. ரசிகர்கள் மகிழ்ச்சியுடன் கலைந்து சென்றனர்.’ கீழே உன் பேரு, பி.ஏ.ன்னு போடு. அந்த வரிசைப் பொண்ணே எழுதினதுன்னா மறுபேச்சு இருக்காது.”

“சார், அதுல ஒண்ணு எங்க வீடு.”

“உன்னை யார் சொன்னா? நீ ரசிகை இல்லே. ஸ்டாஃப்.”

“எங்க அம்மா?”

தலைவர் ரெமிஜியஸைப் பார்த்தார். ரெமிஜியஸ் கூரையைப் பார்த்தார்.

“அவ ரசிகை,” என்றார் தலைவர்.

எங்கள் அம்மா சின்னத்தாயி புகையிலைக் கம்பெனியில் இலை பிரித்து இருமி இருமி என்னைப் படிக்கவைத்தவள். பேஸ்பால் என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ பால் பவுடர் என்று நினைப்பாள்.

“வேலையை பர்மனென்ட் பண்ணிடறேன்,” என்றார் தலைவர். “டவுன்ல லேடீஸ் ஹாஸ்டல்ல ரூமும் பார்த்துத் தரேன். கையெழுத்துப் போடும்மா.”

“போடும்மா, சும்னே கலாட்டா பண்ணாத,” என்றார் ரெமிஜியஸ். “நீ படிச்ச பொண்ணு. உனக்கும் அவங்களுக்கும் என்னா இருக்குது?”

நான் எழுந்தேன். எழுதிய பன்னிரண்டாண்டையும் அள்ளிக் குறுக்கே கிழித்து மேஜைமேல் வைத்தேன். வெளியே போட்டோ முடிந்து, அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

“எங்கே போறே?” தலைவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

“வீட்டுக்கு சார். ரசிகருங்க வீட்டுக்குப் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க? போறேன். அந்த ஆபீசரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”