பூண்டுலோயாத் தோட்டத்தில் நூலகம் அகற்றப்பட்ட வரலாறு

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித நாகரிகம் கண்ட மாபெரும் நிகழ்வு, பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காரியாலயத்தில் சென்ற மாதம் நடந்தேறியது. கணினி 'மேம்படுத்தப்பட்டது'. அக்காரியாலயத்தின் இளைய கிளாக்கர் என்ற முறையில், பக்கத்தில் நின்று வயரைப் பிடித்துக்கொண்டிருந்த பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மேம்படுத்தியவர் தலைமை அலுவலகம் அனுப்பிய அதிகாரி மயூரதன். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை அவர் ஏற்றியதும் எல்லாம் மின்னல் வேகத்தில் திறந்தன. குடியிருப்புப் பதிவேடு மட்டும் திறக்கவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் எதில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் ஒரே மென்பொருள் அதுதான். இருபது வருடப் பழசு.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி வந்தார். மகள் சுலக்ஷனா பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குத் தோட்டத்தின் வதிவிடக் கடிதம் வேண்டும். கடிதத்துக்குப் பதிவேட்டு எண் வேண்டும். விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள்.

மயூரதன் பணிவாக விளக்கினார். "அம்மா, அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு நூலகம் வேணும். அதை இப்ப ஒருத்தரும் பராமரிக்கிறேல்லை. அதாலை புதுப் பதிப்பிலை எடுத்துப்போட்டினம்."

நாகலெட்சுமி யோசித்தார். "நம்ம தோட்டத்துக்கு நூலகம் எப்பங்க வந்துச்சு, எடுக்கிறதுக்கு?"

இது புத்தகம் வைக்கும் இடமல்ல, மென்பொருள்கள் சாய்ந்து நிற்கும் ஒரு கோப்பு என்று நான் எடுத்துச் சொன்னேன். ஆள் சாய்ந்திருக்கும்போதே சுவரை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டார். இத்தகைய 'தொழில்நுட்ப அறிவற்ற' கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை.

தோட்ட நிர்வாகியான துரை அவசரக் கூட்டம் கூட்டினார். நாகலெட்சுமியை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கம்பியூட்டருக்குத் தெரியாதவங்கள நமக்குத் தெரியிறது முறையில்ல" என்றார் துரை.

மேற்படி பெண்மணி இங்கே வசிக்கிறார் என்றோ வசிக்கவில்லை என்றோ கூற இயலாது என ஏகமனதாகத் தீர்மானித்துத் தேநீர் அருந்தினோம். மேற்படி பெண்மணி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஜீவராணிதான் அவரிடம் விசாரித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "போன வருஷம் ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய கம்பியூட்டர் பெட்டி எங்ககிட்டதாங்க கெடக்கு. புள்ளைங்க அதுல வாத்துப் படம் வரையுதுங்க."

மயூரதன் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினார். வயரைப் பிடித்தபடி நான் பின்னால் ஓடினேன். வாத்தை மூடியதும் பதிவேடு திறந்தது. நாகலெட்சுமி அதில் பத்திரமாக வசித்துக்கொண்டிருந்தார். அதன்பின் துரைக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. கையெழுத்திட்டார். சுலக்ஷனாவின் விண்ணப்பம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

விஷயமறிந்த தலைமை அலுவலகம் சும்மா இருக்கவில்லை. மறுவாரமே அந்தப் பெட்டியையும் மேம்படுத்திவிட்டது. பராமரிக்க ஆளில்லாத எதுவும் தோட்டத்தில் இருக்கக்கூடாது என்பது கொள்கை.

கொள்கையில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளைக்காரன் கட்டிய எங்கள் லயங்களை நூறு வருடத்துக்கு மேலாக ஒருவரும் பராமரிக்கவில்லை. அவற்றை மட்டும் ஒருவரும் அகற்றவில்லை.