குடை சாரும் மூன்று குடைகளும்

பெங்களூரில் வெயிலும் நிழலும் ஒட்டிக்கொள்கிற இடம் எது என்று கண்டுபிடிக்க மேப் வேண்டாம். அங்கே குடை சார் நின்றுகொண்டிருப்பார். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனி கேமரா செய்கிறது. அங்கே அவர் சீனியர் இன்ஜினியர். ஜோகுபாளையத்திலிருந்து தினமும் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில், கையில் கறுப்புக் குடையோடு வருவார். யாராவது புது போன் வாங்கிவிட்டால் தொலைந்தார்கள். வாசலுக்கு இழுத்துப் போய், குடையை விரித்து, போஸ் கொடுத்து நிற்பார்.

"எடுப்பா. சட்டையில பட்டன் தெரியணும், குடைக்குள்ள கம்பியும் தெரியணும். ஒரே போட்டோல!"

பட்டன் தெரிந்தால் குடை கரிச்சட்டியாக இருக்கும். கம்பி தெரிந்தால் சட்டை வெளுத்துப் போய் சாரின் தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். "இந்த டப்பாவையா வாங்கின?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார். என் கல்யாணத்தில் சர்ச் வாசலிலேயே போட்டோகிராபரை மடக்கிவிட்டார். என் கறுப்புக் கோட்டின் தையலும் மனைவியின் வெள்ளை கவுனின் லேஸும் ஒரே படத்தில் விழும்வரை எங்களை உள்ளே விடவில்லை. உள்ளே ஃபாதர் காத்திருந்தார், பாவம்.

இந்த மனிதரிடம்தான் மஞ்சுநாத்தின் பிழைப்பு வந்து மாட்டிக்கொண்டது. மஞ்சுநாத் பக்கத்துக் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். முன்னால் சரக்கு மறைப்பதால் கேமரா திரையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இருட்டு ஷெட்டிலிருந்து வெயிலுக்கு வரும்போது திரை ஒரு கணம் வெளுத்துவிடும். அந்தக் கணத்தில் கூட வேலை செய்கிறவரை இடிக்க இருந்தார், மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து வண்டியைத் தொட அவருக்கு நடுக்கம். ஓட்டாவிட்டால் வேலை போய்விடும். புது கேமரா கேட்டுக் குடோன்காரர்கள் எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் மேனேஜர் சுமதி மேடம் சுலபமாக ஒரு வழி சொன்னார். இருட்டுக்கு ஒரு படம், வெயிலுக்கு ஒன்று, நடுத்தரமாக ஒன்று. வரிசையாக எடுத்து ஒரே படமாக ஒட்டிவிடலாம். லேபில் பூந்தொட்டியை வைத்து எடுத்தோம். அடடா, என்ன அழகு! எல்லோரும் கைதட்டினோம். குடை சார் குடையை விரித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடந்தார். மூன்று படத்திலும் அவர் வேறு வேறு இடத்தில் விழுந்ததால், திரையில் மூன்று குடைகள், நடுவே கரைந்துபோன சார்.

"ஏம்மா, ஃபோர்க்லிஃப்ட் முன்னாடி பூந்தொட்டியா ஓடி வரப் போவுது?"

மாற்று வழியையும் சாரே சொன்னார். "மழையில வாய் அகலமான அண்டாவும் வெய்யி, வாய் குறுகின பாட்டிலும் வெய்யி. தூறல்னா அண்டா பிடிக்கும். கொட்டுச்சுன்னா அண்டா வழிஞ்சிடும், பாட்டில் வழியாது. ரெண்டும் ஒரே நேரத்துல பிடிக்குதில்ல?"

கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கிற எங்கள் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் மங்கிய ஒளிக்குப் பெரிய கண் ஒன்று, கொட்டும் வெயிலுக்குச் சின்னக் கண் ஒன்று இருந்தன. சின்னதை நாங்கள் யாரும் சீண்டியதே இல்லை. இரண்டையும் சேர்ந்து பார்க்க வைக்கும்வரை சார் எங்களைத் தூங்க விடவில்லை.

சோதனை நாள், உச்சி வெயில். புது கேமரா பொருத்திய வண்டியில் ஏறவே மாட்டேன் என்றார் மஞ்சுநாத். சார் சமாதானப்படுத்தி ஏற்றிவிட்டு, நேராக ஷெட் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். உடம்பு வெயிலில், விரித்த குடை இருட்டில்.

"பேடா சார், பேடா!" என்று மஞ்சுநாத் வேண்டாம் வேண்டாமென்று கன்னடத்தில் அலறினார்.

"நீ ஓட்டுப்பா! உன் கண்ணுல நான் படுவேன்."

வண்டி ஊர்ந்தது. சாருக்குப் பத்தடி முன்னால் மஞ்சுநாத் பிரேக்கை மிதித்தார். நாங்கள் ஓடிப்போய் வண்டியின் திரையைப் பார்த்தோம். பட்டன்கள் தெரிந்தன. ஒரே ஒரு குடைதான் தெரிந்தது. சோதனையைப் பார்க்க வந்திருந்த குடோன் முதலாளியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "சார், உங்க குடையில ஒரு கம்பி வளைஞ்சிருக்கே!"

அவ்வளவுதான், ஷெட்டே அதிர்ந்தது. சுமதி மேடம் விசிலே அடித்துவிட்டார்.

மஞ்சுநாத் இறங்கவில்லை. "சார், இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டுவிட்டு, இருட்டுக்கும் வெயிலுக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று மேடம் கூவியதுகூட குடை சார் காதில் விழவில்லை. வண்டி வெளியே வரும் ஒவ்வொரு முறையும் குழந்தை மாதிரி கைதட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.