நோட்டீஸ் அன்ரிக்கு நான் கண்டுபிடித்த வருத்தம்

இலங்கைத் தீவிலேயே வாயைத் திறக்காமல் ஒரு வீட்டை ஆண்ட ஒரே பெண்மணி, வவுனியாவில் மாணவர்கள் தங்கும் எங்கள் போடிங்கை நடத்திய நோட்டீஸ் அன்ரிதான். கதைக்கத் தெரியாதவர் அல்ல. கதைப்பதற்குப் பதிலாக எழுதி ஒட்டுவார். குளியலறைக் கண்ணாடியில், “இதற்கு மேல் அழகு வராது, அடுத்த ஆள் வெளியே நிற்கிறார்.” கேற்றில், “தூக்கித் திறக்கவும். கழன்று விழுந்தால் நான் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கவும்.” நாயின் கழுத்தில்கூட ஒரு கடதாசி மட்டை தொங்கும்: “நான் சாப்பிட்டுவிட்டேன். நடிக்கிறேன்.”

நான் அப்போது அரச கம்பசில் உளவியல் இரண்டாம் வருடம். அந்தப் படிப்பில் ஆபத்தான வருடம் அதுதான். பாதிப் புத்தகம் படித்திருப்போம். கண்ணில் படுகிறவருக்கெல்லாம் ஏதோ ஒரு நோய், ஒரு வருத்தம் இருப்பதாகத் தெரியும். அறைத்தோழன் இரண்டு தரம் கை கழுவினால் போதும், அவனுக்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிடுவேன். எங்கள் ஊர் துணுக்காயில் நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வந்த அப்பாவுக்கு, போனிலேயே மனச்சோர்வு என்று கண்டுபிடித்தேன். அவர் களைப்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அம்மாவோ, மகன் டொக்டருக்குப் படிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த வருடம் ஒரு செய்முறைப் பாடம் வந்தது. யாராவது ஒருவரோடு இருந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அறிக்கை எழுதவேண்டும். கேட்பதெல்லாம் எதற்கு? நான் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தபடி ஒரு கிழமை, ஏழு நாளும், அன்ரியை உற்றுப் பார்த்தேன். பிறகு பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஆசை, மனிதரோடு பேசப் பயம், சிறுவயதில் தாயைப் பிரிந்த துயரம். அந்தத் துயரத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

கொண்டுபோய்க் கொடுத்தால், விரிவுரையாளர் கையெழுத்து எங்கே என்று கேட்டார். யாரைப் பற்றி எழுதினோமோ அவர் வாசித்து ஒப்பமிடவேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பாடம் பெயில். அடுத்த வருடம் ஜூனியர்களோடு இருந்து திரும்பப் படிக்கவேண்டும். வியாழன் பின்னேரம் குசினி வாசலில் நின்று, சமைத்துக்கொண்டிருந்த அன்ரியிடம் அறிக்கையை நீட்டினேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார்.

“தம்பி, சின்ன வயசில தாயைப் பிரிஞ்சவா எண்டு எழுதிக் கிடக்கு.”

“ஓம் அன்ரி.”

“என்ர அம்மா அடுத்த றோட்டில இருக்கிறா. நேற்றும் நீதானே அவாட்டைப் போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தனி?”

ஏசுவார், சாமானைக் கட்டு என்பார் என்று நினைத்தேன். அவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஏன் எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

“யுத்தத்தில பக்கத்தில செல் விழுந்து வெடிச்ச நாளில இருந்து இவருக்கு, என்ர புருசனுக்கு, காது கேக்காது. எல்லாம் எழுதித்தான் காட்டுவன். எங்களுக்குள்ள சண்டை எண்டா எழுதி எழுதியே ஒரு கொப்பி முடியும். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருசம். கை நிக்குதில்லை தம்பி.”

சொன்னவரின் கடைசிச் சொற்களை நாங்களும் திருப்பிச் சொல்லவேண்டும் என்று வகுப்பில் பழக்கியிருந்தார்கள். “கை நிக்குதில்லை...” என்றேன்.

“நான் சொன்னதையே ஏன் சொல்லுறாய்? உனக்கும் காது கேக்காதோ?”

வகுப்பில் படித்ததெல்லாம் அந்த இடத்தோடு தீர்ந்தது. வாயை மூடிக்கொண்டு, பொழுதுபடும்வரை இருந்து கேட்டேன். கணவர் வாசித்துச் சிரிக்கவேண்டும் என்பதற்காகவே பகிடியாக எழுதிப் பழகினாராம். பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். வெள்ளி காலையில் அன்ரி அதையும் வாசித்தார்.

“வருத்தம் எண்டு ஒண்டும் போடேல்லையே?”

“ஒண்டும் இல்லை அன்ரி.”

“பிறகென்னத்துக்கு அவ்வளவு நேரம் இருந்து கேட்டனி?”

“கேக்க விருப்பமா இருந்தது.”

கையெழுத்து வைத்தார். மட்டுமட்டாகப் பாஸ், ஆய்வு போதாது என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார். அன்று தொடங்கி அன்ரி என்னோடு கதைத்தார். நான் சோதனைக்குப் படிக்கும்போது கதைத்தார், பல் தீட்டும்போதும் கதைத்தார். படிப்பு முடியும்வரை நிற்பாட்டவேயில்லை. நிற்பாட்டினால் நல்லது என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதில்லை.