தொடக் கூடாத கைப்பிடி

மாப்பிள்ளை பாய்ந்து சாவியைத் திருகினார். அலறிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒரு விக்கலோடு அடங்கியது. ஷெட் முழுக்கப் புகை. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அந்த ஸ்க்ரூவை யாரு திருகச் சொன்னா?" என்றார் மாமனார், நாற்காலியில் சாய்ந்தபடி. "பல்பு மாட்டத் தெரியாதவர் கையில பைக்கைக் கொடுத்தா இப்படித்தான்."

கல்யாணமான வருஷம் ஒரே ஒரு பல்பு கை தவறி உடைந்தது. அதைச் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, மருமகனுக்குப் 'பல்பு மாப்பிள்ளை' என்றே பெயர் வைத்துவிட்டார் மனிதர்.

அந்தப் பெயரை இன்று ஒழித்துக்கட்டுவதாக மாப்பிள்ளையின் சபதம். மாமனார் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வண்டி இது. வாலிபத்தில் மலைப்பாதையை ஒற்றைக் கையால் ஓட்டிக் கடந்ததாக அவரிடம் ஏகப்பட்ட கதைகள் உண்டு. ஆனால் வண்டி வந்த வாரமே வியாதியும் வந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சின் செத்துவிடும். மெக்கானிக் மாதம் தவறாமல் வந்து பார்த்தும் தீரவில்லை. கணவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தங்கை வீடு வரை போக வேண்டும் என்ற மாமியாரின் ஆசை, வண்டியோடு சேர்ந்து தூசி படிந்து கிடந்தது.

"சாயங்காலம் நீங்க போறீங்க அத்தை" என்று காலையிலேயே மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தாயிற்று.

வீடியோ பார்த்து நோயையும் கண்டுபிடித்திருந்தார். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு குட்டி சென்சார் உண்டு. அது பொய் சொல்கிறது. கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டும்.

பழைய பாடத்தை அழிக்க பேட்டரி வயரைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது வண்டி மூச்சே விடவில்லை.

"முன்னாடி கத்தவாவது செஞ்சுது" என்றார் மாமனார்.

வயரை இறுக்கியதும் உயிர் வந்தது. சென்சாரைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களும் லொடலொடவென்று ஆடின. அவற்றையும் இறுக்கி, முதலில் திருகிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். இனி ஒரே விதி: எஞ்சின் கால் மணி நேரம் தானாக ஓட வேண்டும், கைப்பிடியை யாரும் தொடக் கூடாது.

கை துடைக்கத் துணி எடுத்துவரப் போய்த் திரும்பினால், மாமனார் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். சும்மா சத்தம் பார்த்தாராம். வண்டி ஆறும் வரை காத்திருந்து மறுபடி ஆரம்பித்தபோது, அவருக்குத் திடீரென்று தூசி தட்டும் ஆசை வந்தது. கைப்பிடியைத்தான் அதிகம் தட்டினார்.

மூன்றாம் முறை மாப்பிள்ளையின் மனைவி களத்தில் இறங்கினாள். "அப்பா, தண்ணித் தொட்டி வழியுதான்னு பாத்துட்டு வாங்க."

அவர் மொட்டை மாடிக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டாள். மேலே தடதடவென்று தட்டும் சத்தம்.

"காத்து" என்றாள் தாயிடம், முகம் மாறாமல்.

கால் மணி கழிந்தது. மாப்பிள்ளை எஞ்சினை அணைத்து மறுபடி எழுப்பினார். முறுக்கினார். விட்டார். சாகவில்லை, சாப்பிட்ட பூனை மாதிரி திருப்தியாக உறுமியது. எதிர்வீட்டு ஜன்னல்களிலிருந்து கைத்தட்டல் கேட்டது. மாமியார் தலை சீவி, கைப்பையோடு வந்து நின்றார்.

மாமனாரைக் கீழே அழைத்துவந்தார்கள். "ஏறுங்க மாமா" என்று மாப்பிள்ளை வெற்றி வீரனாக வழிவிட்டார்.

மாமனாருக்கு வேர்த்தது. செருப்பு சரியில்லை என்றார். டயரில் காற்று போதாது என்றார். மழை வரலாம் என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாமியார் நகரவில்லை.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு மெக்கானிக் வந்தான். ஓடும் வண்டியைப் பார்த்து முகம் வெளிறினான். உடம்பெல்லாம் கிரீஸோடு நின்ற மாப்பிள்ளையைப் புது மெக்கானிக் என்றே நினைத்து, ஓரமாக இழுத்துக் காதில் கிசுகிசுத்தான்:

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டே? ஐயாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கிறது வீட்ல தெரியக் கூடாதுன்னுதானே, மாசாமாசம் வந்து அந்த சென்சார் ஸ்க்ரூவை நான் லூஸ் பண்ணிட்டுப் போறேன்."