பொறுமை பற்றிய கடைசி அத்தியாயம்

'தாயே ஆசிரியையாக இருக்கும் வீடு, பரலோகத்தின் முன்வாசல்' என்று ஹெப்சிபா மடிக்கணினியில் தட்டி முடித்த நொடியில், அந்த முன்வாசல் வழியாக ஒரு வாத்து உள்ளே வந்தது.

வாத்துக்குப் பின்னால் ஒன்பது வயது கெசியா வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தம்பி எஸ்றா, முழங்கால் வரை சேறாக.

"என்னடா இது?"

"அறிவியல்மா."

குறுவை அறுத்த வயல்களில் மேய்ச்சலுக்கு வந்திருந்த வாத்துக் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, அன்றைய செய்முறைப் பாடத்துக்காகப் பிள்ளைகள் வீடு வரை ஓட்டி வந்திருந்தார்கள். வாத்து மேசைமேல் ஏறியது. விசைப்பலகைமேல் நடந்து வாக்கியத்தின் பின்பாதியை அழித்தது. பிறகு தன் கருத்தையும் அங்கேயே இட்டுவிட்டு இறங்கிப் போனது.

ஹெப்சிபா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

இந்தச் சத்தம் 'ஒலிவக் கிளை' வாசகர்களுக்குக் கேட்காது. அந்த வாரப் பத்திரிகையில் 'என் வீடே என் பள்ளி' என்று ஹெப்சிபா எழுதிவந்த பத்தியில், பிள்ளைகள் விடியுமுன் எழுந்து வசனம் ஒப்புவிப்பார்கள். அப்பா ஆர்மோனியம் வாசிப்பார். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவராக இருக்கும் ஆசீர் தன் வாழ்நாளில் தொட்ட ஒரே ஆர்மோனியத்தை, சபையில் இடம் மாற்றி வைக்கத்தான் தொட்டார். பத்தியில் வரும் தாய் கோபப்படுவதே இல்லை. ஹெப்சிபாவுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்தான்.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் அழுதாள்.

"என்னங்க, காலைல எந்திரிச்சு ஜெபம், சமையல், இதுங்களுக்குப் பாடம். நான் எப்பங்க எழுதறது? 'உங்க பத்தியெல்லாம் சேர்த்து புக்கா போடலாம்'னு எடிட்டர் சொல்றாரு. பொறுமையைப் பத்தி ஒரு கடைசி அத்தியாயம் எழுதித் தரணுமாம். பொறுமையைப் பத்தி எழுதவிடாம இதுங்க என் உயிரை வாங்குதுங்க!"

ஆசீர் சற்று யோசித்தார். மாடு ஈனச் சிரமப்படும்போது யோசிக்கிற அதே முகம்.

"ஹெப்சி, திங்கக்கிழமைலேர்ந்து நீ உள்ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்க. அடுத்த தெரு பள்ளிக்கூடத்துல காலை மணி அடிச்சதும் உள்ள போ, சாப்பாட்டு மணிக்கு வெளிய வா. பிள்ளைங்க தானா படிச்சுக்கற மாதிரி நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

"தானா எப்படிங்க படிக்கும்?"

"நீ எழுது. நான் பாத்துக்கறேன்."

என்ன ஏற்பாடு என்று ஹெப்சிபா கேட்கவில்லை. வரம் கிடைக்கும்போது விவரம் கேட்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

ஏற்பாடு வேலை செய்தது. திங்கட்கிழமை மணியடித்ததும் கதவைச் சாத்தினாள். வெளியே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. சாப்பாட்டு மணிக்கு வெளியே வந்தபோது, பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் மூச்சு வாங்க உட்கார்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு அவளே ஒரு பாடம் கண்டுபிடித்தாள். 'இயற்கைக் கல்வி' என்று பெயர். வாய்க்கால் கரையில் பிள்ளைகள் தாங்களாகவே சுற்றிப் பார்த்துக் கற்பார்கள். அதுவரை தாய் சற்றுக் கண்ணயரலாம். நாலு மணி வாக்கில் திரும்பிவருவார்கள். பாடம் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பலன் உடனே தெரிந்தது. அவள் சொல்லித்தராத வாய்ப்பாட்டை எஸ்றா மடமடவென்று ஒப்பித்தான். 'சுயகல்வியின் அற்புதம்' என்று ஒரு பத்தி. மதியம் இருவரும் ரெண்டு வாய் ரசம் சாதத்தோடு போதும் என்றார்கள். 'மிதமான உணவைப் பழக்குவது எப்படி?' என்று இன்னொரு பத்தி. பெரியவர்கள் யார் வந்தாலும் சட்டென்று எழுந்து நின்றார்கள். அது 'மரியாதை வீட்டில் விளையும் பயிர்.'

எல்லாவற்றிலும் புகழ் பெற்றது சாவிப் பத்தி. கெசியா எங்கிருந்தோ ஒரு பழைய சாவியை எடுத்து, நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

"எந்தப் பூட்டுச் சாவிடி இது?"

கெசியா அப்பாவைப் பார்த்தாள். ஆசீர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சும்மாம்மா. பொக்கிஷம் மாதிரி."

'பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்குள் அடைபட்ட பிள்ளைக்குச் சாவி வெறும் இரும்பு. என் மகளுக்கோ அது கற்பனையின் வாசல்!' என்று ஹெப்சிபா எழுதினாள். அதைப் படித்துவிட்டு முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி, தன் பிள்ளைகள் கழுத்திலும் ஆளுக்கொரு சாவி மாட்டிவிட்டதாக எழுதியிருந்தாள்.

"என்ன வசியம் வச்ச ஹெப்சி?" என்றாள் ஜன்னத் பீவி, மதில்மேல் நெய்ச்சோற்றுக் கிண்ணத்தை நீட்டியபடி. "மணியடிச்சா உங்க வீட்ல ஈ பறக்கற சத்தம்கூட இல்ல!"

"எல்லாம் வளர்ப்புதான் புவாம்மா."

சிக்கல் ஞாயிறு பள்ளியில் ஆரம்பித்தது. அம்மா வீட்டில் எப்படி ஜெபிப்பார்கள் என்று பாஸ்டரம்மா பிள்ளைகளைக் கேட்க, எஸ்றா எழுந்து கைகட்டி நின்று சொன்னான்.

"காலைல மணியடிச்சதும் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்குவாங்க. சாப்பாட்டு மணி வரைக்கும் வெளிய வரமாட்டாங்க. நடுவுல கூப்பிட்டா அடி விழும்."

பாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய ஆராதனையில் பாஸ்டர், "நம்ம சபைக்குள்ள ஒரு ஜெபவீராங்கனை மறைஞ்சு இருக்காங்க!" என்று அறிவித்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இல்லை, கட்டுரைதான் எழுதுகிறேன் என்று சொல்லத்தான் ஹெப்சிபா எழுந்தாள். வாய் தன்பாட்டுக்கு, "எல்லாம் அவர் கிருபை" என்றது.

மறுநாளிலிருந்து ஜெபக் குறிப்புகள் வந்து குவிந்தன. மகனுக்கு விசா. மகளுக்கு வரன். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர். ஸ்டெல்லா சிஸ்டர், தன் எருமை சினை பிடிக்கவில்லை என்று விம்மினாள். அடுத்த மாதம் எருமை சினை பிடித்தது. ஸ்டெல்லா சிஸ்டர் சபையில் சாட்சி சொன்னாள். ஊசி போட்ட ஆசீருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

இப்போது கதவைச் சாத்தி உட்கார்ந்தால் ஜன்னலில் ஆள். 'நானும் கூட உக்காந்து ஜெபிக்கிறேனே' என்று பாஸ்டரம்மா வேறு. பொறுமை அத்தியாயம் முதல் பாராவிலேயே நின்றது. எடிட்டர் போனில் கெடு வைத்துவிட்டார்: வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வராவிட்டால், இவள் இடத்தில் வேறொருவருடைய கேக் செய்முறைப் புத்தகம் அச்சுக்குப் போகும்.

கேக்கிடம் தோற்பதா? ஹெப்சிபா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாள் தனி உபவாச ஜெபம் பாஸ்டரம்மா. யாரையும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு பொருத்தனை."

"ஐயோ, தனியாவா?" என்றாள் பாஸ்டரம்மா. "உங்களைத் தனியா விடுவோமா சிஸ்டர்!"

வியாழன் காலை ஏழு மணிக்கே மாதர் சங்கம் முழுவதும் பாயும் பாட்டுப் புத்தகமுமாக வந்து கூடத்தை நிறைத்துவிட்டது. ஹெப்சிபா உள்ளே போனாள். கதவுக்கு வெளியே பாட்டு தொடங்கியது. பள்ளிக்கூடத்து மணியடித்தபோது கெசியா வாசலைப் பார்த்துத் தவித்தாள். அவளை ஒரு சிஸ்டர் மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள்.

"பிள்ளைங்களை வேணா நான் வெளிய கூட்டிட்டுப் போறேனே" என்றார் ஆசீர் மெதுவாக.

"வேணாம் பிரதர். தாயோட ஜெபத்தைப் பிள்ளைங்க கிட்ட இருந்து பார்க்கட்டும்."

"இல்ல... அவங்களுக்குப் பாடம்..."

"இதைவிடப் பெரிய பாடமா பிரதர்?"

ஆசீருக்கு அவசரமாக ஒரு கன்றுக்குட்டி நினைவு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே ஹெப்சிபாவுக்குப் பசித்தது. உபவாசம் என்று சொன்னபோது, நிஜமாகவே பட்டினி கிடக்க வேண்டிவரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக ஜன்னத் பீவியை நோக்கிக் கை காட்டினாள்.

"தெரியும் தெரியும், நோன்புன்னு சொன்னாங்க!" என்றாள் ஜன்னத் பீவி. "இன்னிக்குன்னு பாத்து மட்டன் வேற. உனக்கு வாசம் வரக் கூடாதுன்னு இதோ ஜன்னலைச் சாத்திட்டேன்மா. நல்லா வணங்கு!"

அலமாரியில் பழைய முறுக்கு இரண்டு கிடந்தன. கடித்தாள். வெளியே பாட்டு நின்றது.

"அது என்ன சத்தம்?"

"பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போராடறாங்க" என்றாள் பாஸ்டரம்மா பயபக்தியோடு.

வெள்ளிக்கிழமை ஹெப்சிபா வேகம் பிடித்தாள். பசி பொறுமையைப் பற்றி அவளுக்கு நிறையச் சொல்லித்தந்திருந்தது. விசைப்பலகை சடசடத்தது.

"உள்ள என்னமோ தட்டற சத்தம் கேக்குதே?" என்றாள் ஸ்டெல்லா சிஸ்டர்.

"பரலோகத்தோட கதவைத் தட்டறாங்க." பாஸ்டரம்மா எழுந்து அறைக் கதவருகே வந்தாள். "சிஸ்டர்! எங்களால தாங்க முடியல. நீங்க ஜெபிக்கறதைக் கொஞ்சம் சத்தமா ஜெபிங்க. நாங்களும் சேர்ந்துக்கறோம்!"

ஹெப்சிபா தட்டுவதை நிறுத்தினாள். நேற்றிலிருந்து ஒரு வரி ஜெபிக்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் மட்டன்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் திரையில் இருந்ததையே குரலை நடுங்கவிட்டு வாசித்தாள்.

"ஆண்டவரே! பொறுமை என்பது அடுப்பில் வைத்த பால்!"

"ஆமென்!" என்றது கூடம்.

"அது பொங்கும்வரை கூடவே நிற்பவளே தாய்!"

"ஆமென்!"

"தாய்மார்களே... அதாவது ஆண்டவரே! மணியடித்ததும் மந்தைபோலப் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது என் நெஞ்சு கனக்கிறது!"

"ஸ்தோத்திரம்!"

"என் பிள்ளைகளோ ஒரு கணமும் என் கண்ணைவிட்டு அகன்றதில்லை!"

கூடத்தில் யாரோ தேம்பினார்கள். யாரும் கவனிக்காத ஒரு மூலையில் எஸ்றா அக்காவைக் கிள்ளினான்.

அழுகையும் ஆமெனுமாகக் கூடம் குலுங்க, எழுத்து தானாக ஓடியது. அடுத்தடுத்த வரிகளை அவள் சொல்லிக்கொண்டே தட்டினாள். எங்கே ஆமென் பலமாக வந்ததோ அந்த வரியைத் தடித்த எழுத்தாக்கினாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்கும் அவள் கடைசிப் புள்ளி வைப்பதற்கும் சரியாக இருந்தது. அத்தியாயத்தை எடிட்டருக்கு அனுப்பினாள். 'அருமை! அச்சுக்குப் போகிறது' என்று உடனே பதில் வந்தது.

கதவைத் திறந்தாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், உதட்டோரம் முறுக்குத் துணுக்கோடு நின்றவளைப் பார்த்து மாதர் சங்கம் எழுந்து நின்றது.

"முகத்துல என்ன ஒரு பிரகாசம்!" என்றாள் ஸ்டெல்லா சிஸ்டர்.

"என்ன சிஸ்டர், பதில் வந்துருச்சா?" என்று கேட்டாள் பாஸ்டரம்மா.

"வந்துருச்சு" என்றாள் ஹெப்சிபா. மூன்று மாதத்தில் அவள் பாஸ்டரம்மாவிடம் சொன்ன முதல் உண்மை அது.

இந்தப் புகழோடு இப்படியே வாழ்ந்துவிடலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. புத்தகம் வரும். பேராயர் முன்னுரை எழுதுவார். மேடைகளில் பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்திப் பேசலாம்.

வாசலில் ஆசீரின் வண்டி வந்து நின்றது. அவருக்கு முன்னால், வெயிலுக்குக் குடை பிடித்தபடி ஒரு பெண் படியேறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஆசீர் இறங்காமலே வண்டியைத் திருப்பினார். கெசியாவும் எஸ்றாவும் ஒரே நேரத்தில் விறைப்பாக எழுந்து நின்றார்கள்.

'மரியாதை' என்று ஹெப்சிபா பெருமையாக நினைத்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க" என்று பாஸ்டரம்மா ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "ஜெபக் குறிப்பு குடுக்கத்தானே வந்தீங்க? பேரு சொல்லுங்க."

"கனிமொழிங்க. நான் வந்து..."

"கூச்சப்படாமக் கேளுங்க. இந்த வீட்டுல கேட்டா கிடைக்கும். என்ன வேணும் உங்களுக்கு?"

கனிமொழி கூடத்தில் நிறைந்திருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடையை மடக்கினாள்.

"நாலாம் வகுப்பு பீரோ சாவிங்க. கெசியா ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல, அவதான் கிளாஸ் லீடரு."