உப்பில்லாத வேர்வை

நாற்பத்தாறாவது பிறந்தநாளன்று ஒரு சபதம் எடுத்தேன். மனிதனாகப் பிறந்தவனுக்கு ஒரு கலையாவது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் வள்ளிக்கும்மி பழக்குகிறார்கள். நாற்பது நாள் பயிற்சி, அப்புறம் அரங்கேற்றம். என் பெயரோ வேல்முருகன். வள்ளிக்குக் கும்மியடிக்க ராசிபுரம் வட்டாரத்தில் என்னைவிடத் தகுதியானவன் யார்?

இதை என் மனைவி ஜெயப்பிரியாவிடம் அறிவித்தபோது அவள் வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்தாள். மீன் தொட்டியிலிருந்து. மீன் வளர்ப்பது என் போன வருட லட்சியம். அதற்கு முந்தைய லட்சியமான கீபோர்டு கட்டிலுக்கடியில் இருக்கிறது. ரோஜாத் தொட்டிகளில் இப்போது கறிவேப்பிலை அமோகமாக வருகிறது.

"ஏனுங்க, உங்களுக்கு எதுவுமே ஒரு மாசந் தாண்டுனதில்லைங்களே?"

"இது அப்படியில்ல அம்மிணி. பொறுமையாக் கத்துக்கப் போறேன்."

"நாப்பது நாளுங்க."

"நானூறு நாளானாலும் ஆடுவேன்."

"ஆடலீன்னா?"

"ஒரு வருசத்துக்கு நானே வாசத் தெளிச்சுக் கோலம் போடறேன். போதுமா?"

வாய்தான் எனக்கு முதல் எதிரி. அவள் சிரிக்கக்கூட இல்லை. "செரிங்க" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வாத்தியார் மயில்சாமி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தங்கமான மனிதர். "அண்ணா, குதிக்காதீங்க. கால எடுத்து வெச்சுப் பழகுங்க, பொறுமையா வரும்" என்பார். எனக்குப் பொறுமை வருவதற்குள் முட்டிவலி வந்துவிட்டது. பக்கத்தில் நிலா என்று ஓர் எட்டு வயதுக் குழந்தை. அவள் இடது பக்கம் திரும்பினால் நான் வலது பக்கம் திரும்புவேன். மோதிக்கொள்வோம். நான்காம் நாள் அவள் என் கையைப் பிடித்து, "மாமா, நீங்க வேணா உக்காந்துக்குங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் உட்கார்ந்துவிட்டேன். பைபாஸ் பேக்கரியில்.

அதற்காக வீட்டில் ஒப்புக்கொள்ள முடியுமா? தினமும் இரவு ஏழு மணிக்குத் தோளில் துண்டோடு கிளம்புவேன். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். ஒன்பது மணிக்குப் பயிற்சி முடியும். நான் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், உழைப்பு தெரியட்டுமென்று. கிளம்பும்போது குழாயடியில் சட்டையை நனைத்துக்கொள்வேன்.

வீட்டிலோ ஜெயப்பிரியா நிஜமாகவே வேர்த்து விறுவிறுத்து நிற்பாள்.

"அடுப்படியில என்ன வேக்காடுங்க! காலு ரெண்டும் விண்ணு விண்ணுங்குது."

எனக்குக் குற்ற உணர்ச்சி குத்தும். தைலம் தேய்த்து அவள் காலை அமுக்கிவிடுவேன். ஒரு நாள் விடாமல் அமுக்கினேன். நான் பொறுமையாகச் செய்த ஒரே பயிற்சி அதுதான்.

ஒரு நாள் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் உதறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க வேர்வையில உப்பே பூக்க மாட்டீங்குது?"

"டாக்டர்தான் உப்பக் கொறைக்கச் சொன்னாரில்ல?"

"ஓ, அதுங்களா" என்று போய்விட்டாள்.

அரங்கேற்ற நாள் வந்தது. காலையிலேயே நொண்ட ஆரம்பித்தேன்.

"முட்டி பெசகிப்போச்சு அம்மிணி. வாத்தியாரு ஆடவே கூடாதுன்னுட்டாரு."

"அடப் பாவமே!" என்று அவளே உட்கார்ந்து கட்டுப் போட்டுவிட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டாள். "நீங்க போயி முன்னால உக்காருங்க. நான் வேலைய முடிச்சுட்டு வாரேன்."

முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு, பார்த்தவரிடமெல்லாம் அனுதாபம் வாங்கினேன். இருநூறு பேர் வரிசை வரிசையாக வந்தார்கள். பெண்களுக்கெல்லாம் ஒரே பச்சைச் சேலை. நிலாவுக்குப் பக்கத்தில், நான் நின்ற அதே இடத்தில், ஜெயப்பிரியா நின்றாள்.

ஆடினாள். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. கை தட்டியது, கால் எழுந்தது, முகம் முழுக்க வேர்வை, அதன் நடுவில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து வெகு வருடமாகிறது.

ஆட்டம் முடிந்ததும் மயில்சாமி மைக்கைப் பிடித்தார். கள்ளங்கபடமில்லாத மனிதர், அதுதான் வினை.

"எங்க வேல்முருகண்ணன் அஞ்சாம் நாளே நின்னுட்டாருங்க. அன்னிக்கு அவருக்குத் தண்ணி பாட்டல் கொண்டாந்த அக்காகிட்ட, வரிசையில எடம் காலியா இருந்தா ஆட்டம் கெட்டுரும், நீங்க நில்லுங்கன்னேன். அதுலிருந்து ஒரு நாளு தவறலீங்க. எடம் உட்டுக்குடுத்த அண்ணனுக்குப் பொன்னாடை போத்தறோம், மேடைக்கு வாங்கண்ணா!"

ஊரே கைதட்டியது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கட்டுப் போட்ட காலோடு நொண்டுவதா, நிமிர்ந்து நடப்பதா என்று புரியாமல் இரண்டையும் செய்தேன். நிலா ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். பொன்னாடையை முகத்தையும் சேர்த்துப் போர்த்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அவர்கள் சிரித்ததுகூடப் பெரிதில்லை. இருபது வருடமாக நான் விதவிதமாக லட்சியம் மாற்றியிருக்கிறேன், அவளுக்கு என்ன ஆசை என்று ஒரு தரமும் கேட்டதில்லை. அதை நினைத்தபோதுதான் உண்மையிலேயே கூசிப்போனேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லியிருந்தா நானுஞ் சொல்லியிருப்பேனுங்க."

மறுநாள் விடிந்ததும் கையில் கோலமாவு டப்பா வந்து சேர்ந்தது. வாசலில் குந்தினேன். மயில்சாமி பால் வாங்கப் போகிறவர் வண்டியை நிறுத்தி வணக்கம் வைத்தார். முதல் புள்ளியே வட்டமாக விழாமல் சிதறியது.

ஜெயப்பிரியா காப்பியை உறிஞ்சிக்கொண்டே பார்த்தாள்.

"பொறுமையாப் போடுங்க. அஞ்சாம் நாளு எடம் காலியானா, இந்தத் தடவ நான் வந்து நிக்க மாட்டேனுங்க."